மலை மாறியதா, கண் மாறியதா?

சின்னசேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை. பங்குனி, சித்திரையில் இலை உதிர்ந்து பழுப்பும் சாம்பலுமாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி வந்தால் அதே மலை பச்சை. இந்த மாற்றத்தைச் சொல்ல சாட்டிலைட் வேண்டாம், கண் போதும்.

ஆனால் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "போன பத்து வருஷத்துல இந்தக் காடு கொஞ்சம் அடர்ந்திருக்கா, கொஞ்சம் வெளுத்திருக்கா?" கச்சிராயபாளையத்துக்காரர் ஒன்று சொல்வார், வெள்ளிமலைக்காரர் வேறொன்று சொல்வார். ஒரே அளவுகோலால் மலை முழுவதையும் பத்து வருடம் விடாமல் பார்த்த சாட்சி சாட்டிலைட் ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், அந்தப் பத்து வருடத்தில் சாட்டிலைட்டின் கண்ணுக்கும் பத்து வயது கூடியிருக்கிறது. படத்தில் பச்சை குறைந்தால் குறைந்தது காடா, கண்ணின் கூர்மையா? இதைப் பிரித்துச் சொல்லும் வேலைக்குத்தான் காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம், என்று பெயர். ஏவிய பிறகு, சுற்றுப்பாதையில் இருக்கும்போதே அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஒரு சின்னக் கணக்கு

இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும், அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டையும் வைத்துத்தான் என்டிவிஐ என்ற பச்சைக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ கிடைக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு காட்டுப் பிக்சலில் சிவப்பு எதிரொளிப்பு 0.06, அகச்சிவப்பு 0.30 என்று வைத்துக்கொள்வோம். என்டிவிஐ 0.667 வரும். இப்போது காடு அப்படியே இருக்கிறது, ஆனால் சென்சாரின் அகச்சிவப்புப் பட்டை மட்டும் 5 சதவீதம் மங்கிவிட்டது, யாரும் திருத்தவில்லை. 0.30 என்பது 0.285 ஆகப் பதிவாகும், என்டிவிஐ 0.652 ஆகிவிடும். ஒரு மரம்கூட விழாமல் காடு வெளுத்துவிட்டது! மாறாகச் சிவப்புப் பட்டை 5 சதவீதம் மங்கினால் 0.681, காடு செழித்துவிட்டது. இரண்டு பட்டையும் ஒரே அளவு மங்கினால் குறியீடு அசையாது. அதனால்தான் தவறு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்கிறது: பட்டைகள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை.

0.015 என்பது சின்ன எண்தானே என்று தோன்றலாம். ஒரு பருவத்துக்குள் நடப்பதைப் பார்க்க அது சின்னதுதான். மக்காச்சோளம் முளைத்து, உயர்ந்து, காய்ந்து அறுப்புக்கு வரும் நான்கு மாதத்தில் என்டிவிஐ 0.2-லிருந்து 0.7, 0.8 வரை ஏறி இறங்கும், அங்கே 0.015 யாருக்கும் பொருட்டில்லை. ஆனால் காட்டின் பத்து வருடப் போக்கு என்று நாம் தேடுவதே பல நேரம் இந்த அளவுதான்.

முத்திரை போட ஆள் போக முடியாத தராசு

சந்தையில் மக்காச்சோளம் எடை போடும் மின்னணுத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை எடையளவுத் துறை ஆய்வு செய்து முத்திரை வைக்க வேண்டும். அவர்களிடம் நம்பகமான எடைக்கல் இருக்கும். தட்டில் வைத்தால் தராசு சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

சாட்டிலைட் சென்சாரும் ஒருவகைத் தராசுதான், ஒளியை எடை போடுகிறது. விழுந்த ஒளியை மின்னேற்றமாக்கி, அதை ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. அந்த எண்ணில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, ஒளியே இல்லாதபோதும் சென்சார் தரும் எண். இதை இருட்டு எண் என்று வைத்துக்கொள்வோம். மற்றது, ஒளி ஒரு அலகு கூடினால் எண் எவ்வளவு கூடும் என்ற விகிதம். இருட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம்: மூடியைப் போட்டுப் பார்க்கலாம், அல்லது அமாவாசை இரவில் நடுக்கடலைப் பார்க்கலாம். கஷ்டம் முழுக்க அந்த விகிதத்தில்தான்.

ஏவும் முன் ஆய்வுக்கூடத்தில் இதைத் துல்லியமாக அளந்துவிடுகிறார்கள். உள்ளே வெண்பூச்சு பூசிய பெரிய கோளத்தில் விளக்கேற்றி, எல்லாப் பக்கமும் ஒரே சீரான ஒளி வரும்படி செய்து, அதைச் சென்சாருக்குக் காட்டுவார்கள். பிறகு ராக்கெட்டின் அதிர்வு, வெற்றிடம், கதிர்வீச்சு, புற ஊதா ஒளி. கருவியின் பாகங்களிலிருந்தே கசியும் ஆவி கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படியும். விகிதம் மாறிவிடும். அதன் பிறகு எடைக்கல்லோடு ஆள் அனுப்ப வழியில்லை. சென்டினல்-2 பறப்பது 786 கிலோமீட்டர் உயரத்தில்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள லிஸ்-3 கேமரா தரையை 23.5 மீட்டர் பிக்சல்களாக, சுமார் 141 கிலோமீட்டர் அகலத்துக்குப் பார்க்கிறது. அதற்காக ஒவ்வொரு பட்டையிலும் 6,000 உணரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆறாயிரமும் ஆறாயிரம் தராசு! ஒன்று மட்டும் பக்கத்து உணரியைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் படம் நெடுக ஒரு கோடு விழும். எனவே வேலை இரண்டு. உணரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமன் செய்வது ஒன்று. மொத்தக் கருவியையும் உண்மையான ஒளி அளவோடு இணைப்பது இன்னொன்று. முதல் வேலையில் பிசகினால் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதில் பிசகினால் படம் அழகாகவே இருக்கும், எண் மட்டும் பொய்யாக இருக்கும்.

கூடவே கொண்டுபோகும் எடைக்கல்

முதல் யோசனை: எடைக்கல்லையும் ஏற்றி அனுப்பிவிடலாம். 1984-ல் ஏவிய லேண்ட்சாட்-5 உள்ளேயே சிறு விளக்குகளை வைத்துக்கொண்டிருந்தது. நம் ஐஆர்எஸ் வரிசையில் எல்இடி விளக்குகள். ஆனால் விளக்குக்கும் வயதாகும். மேலும் லிஸ்-3 போன்ற கருவியில் எல்இடியின் ஒளி லென்ஸ் வழியாக வராமல் நேராக உணரி மேல் விழுகிறது. உணரி நலமா என்று அது சொல்லும். லென்ஸ் மங்கியிருந்தால் சொல்லாது.

இரண்டாவது யோசனை சூரியன். நமக்குத் தெரிந்ததிலேயே நிலையான விளக்கு அதுதான். ஆனால் நேரே பார்த்தால் சென்சார் தாங்காது. எனவே ஒரு வெள்ளைப் பலகையில் வெயிலை விழவைத்து, பலகை சிதறடிக்கும் ஒளியைப் பார்க்கிறார்கள். பலகை செய்யும் பொருள் ஸ்பெக்ட்ரலான். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் குடும்பத்துச் சரக்கு. மோடிஸ், லேண்ட்சாட்-8, சென்டினல்-2 மூன்றிலும் இது இருக்கிறது. லென்ஸ் முதல் உணரி வரை மொத்தப் பாதையையும் சோதிக்கிறது என்பது இதன் பலம்.

பலவீனம், வெயிலில் கிடக்கும் எந்த வெள்ளைப் பொருளுக்கும் வருவதுதான்: பழுப்பேறும். புற ஊதா ஒளி பட்டுப் பட்டு, முக்கியமாக நீலப் பக்கத்தில் பலகையின் வெண்மை குறையும். லேண்ட்சாட்-8 இதற்கு நம் வீட்டுப் பெண்களின் பட்டுப்புடவை வழியைப் பின்பற்றுகிறது. இரண்டு பலகை, ஒன்றை வாரம் ஒருமுறை எடுப்பது, மற்றதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பது. இரண்டையும் ஒப்பிட்டால் தினப்படிப் பலகை எவ்வளவு பழுத்தது என்று தெரிந்துவிடும்.

நிலா

மூன்றாவது யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. காற்று கிடையாது, மழை கிடையாது, புல் முளைக்காது. நிலாவின் மேற்பரப்பு நம் கால அளவில் மாறவே மாறாது என்று சொல்லலாம். லேண்ட்சாட்-8 மாதம் ஒருமுறை பௌர்ணமியை ஒட்டி, தன் உடலையே திருப்பி நிலாவைப் பார்க்கிறது. கடலின் நிறத்தை அளந்த சீவிஃப்ஸ் 1997 முதல் 2010 வரை இதே போல் மாதாமாதம் நிலாவைப் பார்த்துத் தன் கண்ணைச் சரிபார்த்துக்கொண்டது.

ஆனால் நிலா மாறாவிட்டாலும் அதன் வெளிச்சம் தினம் மாறுகிறது. பிறை, தூரம், பூமிக்குக் காட்டும் முகத்தின் லேசான ஆட்டம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். இதற்காக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தொலைநோக்கி வைத்து, 32 பட்டைகளில் வருடக்கணக்கில் நிலாவைப் படமெடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ரோலோ என்ற நிலா மாதிரி.

நிலா எடைக்கல்லுக்கு ஒரு விசித்திரக் குணம். "உன் கண் போன வருஷத்தைவிட 0.2 சதவீதம் மங்கியிருக்கு" என்று நுணுக்கமாகச் சொல்லும். "மொத்தத்தில் நீ சரியான அளவைத்தான் சொல்கிறாயா?" என்று கேட்டால் சில சதவீதம் தடுமாறும். மாறாமல் இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. தினமும் சரியாக ஐந்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ரயிலைத் தவறவிடாமல் இருக்கலாம். எவ்வளவு வேகம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தரையிலேயே எடைக்கல்

நான்காவது வழி, தரையில் மாறாத இடத்தைத் தேடுவது. சகாராவில் லிபியா-4 என்று பெயரிட்ட மணல்பரப்பு உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பொதுச் சொத்து. அங்கே யாரும் போய் அளப்பதில்லை. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் மணல் என்பதே அதன் தகுதி.

போய் அளக்கும் இடங்களும் உண்டு. நம் நாட்டில் அது குஜராத்தின் கட்ச் ரான், உப்புப் படிந்த வெட்டவெளி. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மைய விஞ்ஞானிகள், செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்துக்கு அங்கே கருவியோடு நிற்பார்கள். தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று ஒருவர் அளப்பார். காற்றில் தூசு எவ்வளவு, நீராவி எவ்வளவு என்று சூரியனைப் பார்க்கும் இன்னொரு கருவி அளக்கும். இரண்டையும் வைத்து, "இந்த நிமிடம், இந்த உயரத்தில் இருக்கும் சென்சாருக்கு இவ்வளவு ஒளி போயிருக்க வேண்டும்" என்று கணக்கிடுவார்கள். சென்சார் சொன்னதோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம்தான் திருத்தம். தென்மேற்குப் பருவமழையில் ரானில் நீர் நின்றுவிடும் என்பதால் வறண்ட மாதங்களில் மட்டுமே இது நடக்கும்.

கடலைப் பார்க்கும் சென்சாருக்கு ரான் போதாது. கடல் இருண்டது. அதற்கு மேலே பறக்கும் சென்சாருக்கு வரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்றுமண்டலம் சிதறடித்தது, தண்ணீரிலிருந்து வருவது மிச்சம்தான். அதனால் ஓஷன்சாட்-2 போன்றவற்றுக்கு லட்சத்தீவின் கவரத்தி அருகே மிதவை போட்டு அளந்தார்கள்.

"நம்ம சின்னசேலத்துல இப்படி ஓர் இடம் வைக்க முடியாதா?" முடியாது. வேண்டியது வெளிச்சமான, தட்டையான, கிலோமீட்டர் கணக்கில் ஒரே சீரான, செடியில்லாத தரை. மேலே வறண்ட தெளிந்த காற்று. நம் பக்கம் ஒரு பிக்சல் மக்காச்சோளம், அடுத்தது மரவள்ளி, அதற்கடுத்தது பருத்தி, நடுவில் ஓர் ஏரி. விவசாயத்துக்கு நல்ல ஊர் எடைக்கல்லுக்கு ஆகாது. ரானில் சரிபார்த்த கண்ணால்தான் நம் மலையைப் பார்க்கிறோம்.

ஐந்தாவது வழி, இரண்டு சாட்டிலைட்டுகளை ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கவைப்பது. 2021 நவம்பரில், புதிதாக ஏவிய லேண்ட்சாட்-9 தன் இடத்துக்குப் போகும் வழியில் லேண்ட்சாட்-8-க்குக் கீழே சில நாள் கூடவே பறந்தது. அண்ணன் பார்ப்பதையே தம்பியும் பார்த்தான். வரிசை அறுபடாமல் தொடர இதைவிட நல்ல வழி இல்லை.

ஏன் ஐந்து வழி? எதுவும் தனியாக நம்பத்தக்கதல்ல என்பதால்தான். விளக்கு மங்கும், பலகை பழுக்கும், நிலா மொத்த அளவில் தடுமாறும், பாலைவனத்தின் மேல் தூசுக்காற்று வீசும். ஆனால் இந்தக் குறைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஐந்து சாட்சியும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

டெர்ராவுக்கு நேர்ந்தது

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளே சாட்சி. 1999 டிசம்பரில் ஏவியது. அதிலுள்ள மோடிஸ் கருவியில் வெள்ளைப் பலகைக்கு ஒரு கதவு உண்டு. தேவைப்படும்போது மட்டும் திறக்கும். 2003-ல் கதவில் கோளாறு வந்தது, பிறகு அதைத் திறந்த நிலையிலேயே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பலகை ஒவ்வொரு சுற்றிலும் வெயில் காய்ந்தது. பலகையைக் கண்காணிக்கத் தனிக் கருவி இருந்தது. நிலாவும் பாலைவனமும் கைகொடுத்தன. ஆனாலும் டெர்ராவின் கண்ணே, குறிப்பாக நீலப் பட்டையில், எதிர்பார்த்ததைவிடச் சிக்கலாக மங்கிக்கொண்டிருந்தது.

2012-ல் வந்த ஓர் ஆய்வு, டெர்ராவையும் 2002-ல் ஏவிய அதன் இரட்டையான அக்வாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒரே பூமி, ஒரே வகைக் கருவி. ஆனால் டெர்ராவின் கணக்கில் மட்டும் தாவரங்கள் அதிகமாகக் குறைந்துகொண்டிருந்தன. பச்சைக் குறியீட்டில் நீலமே கிடையாதே, நீலம் மங்கினால் என்டிவிஐ ஏன் குறைய வேண்டும்? விடை இடையில் இருக்கும் ஒரு படியில். காற்றில் எவ்வளவு தூசு என்பதை நீலப் பட்டையை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். நீலம் மங்கினால் காற்று சுத்தம் என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். சிவப்புப் பட்டையிலிருந்து கழிக்க வேண்டிய தூசின் ஒளியைக் குறைவாகக் கழிக்கும். சிவப்பு கூடுதலாக நிற்கும். என்டிவிஐ இறங்கும். இப்படி ஆண்டுக்கு 0.001 முதல் 0.004 வரை பொய்ச் சரிவு வரலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பத்து வருடத்தில் 0.04 வரை! பிறகு வந்த ஆறாம் பதிப்பில் மொத்தத் தரவையும் புதிய திருத்தத்தோடு மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். பழைய பதிப்பை வைத்து எழுதிய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன.

நீங்களே பார்ப்பதாக இருந்தால்

சென்டினல்-2 படங்கள் இலவசம், கல்வராயன் மலையை 10 மீட்டர் பிக்சலில் யாரும் பார்க்கலாம். ஒரு பொறி மட்டும் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் அந்தத் தரவின் எண்களில் 1,000 கூட்டிப் போடுகிறார்கள். மிக இருண்ட பிக்சல்கள் பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. எதிரொளிப்பு வேண்டுமென்றால் 1,000 கழித்துவிட்டு 10,000-ஆல் வகுக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் மேலே சொன்ன நம் காட்டுப் பிக்சலில் சிவப்பு 0.06-க்குப் பதில் 0.16, அகச்சிவப்பு 0.30-க்குப் பதில் 0.40. என்டிவிஐ 0.667-லிருந்து 0.429-க்கு விழும். ஒரே நாளில் மலை மொட்டை! கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த 'ஹார்மனைஸ்டு' தொகுப்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, மலையிலோ அடிவாரத்திலோ நல்ல பெரிய மொட்டைப் பாறை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டின் வரைபடத்தைப் போடும்போதெல்லாம் அந்தப் பாறையின் வரைபடத்தையும் பக்கத்தில் போடுங்கள். ஒரே மாதப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள், வெயில் சாய்வு மாறினாலே எண் மாறும். காடும் பாறையும் சேர்ந்து இறங்கினால் சந்தேகம் கண் மேல். பாறை அசையாமல் காடு மட்டும் இறங்கினால் அப்புறம் காட்டைப் பற்றிப் பேசலாம்.

எதற்கு இவ்வளவு?

"கல்வராயனில் காடு குறைகிறது" என்று ஒரு வரைபடம் வந்தால், அடுத்த கேள்வி "யார் அழித்தது?" என்பதாகத்தான் இருக்கும். விரல் நீளும் திசையும் தெரிந்ததே. மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பக்கம்தான். மங்கியது லென்ஸாக இருந்தால் அந்தப் பழிக்கு என்ன பதில்? எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையாகவே காடு அழியும்போது கண் பொய்யாகப் பச்சை காட்டினால், தடுக்க வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

வயலுக்கும் இது வந்துவிட்டது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில், பயிர் அறுவடைப் பரிசோதனையோடு தொலையுணர்வு வழி மதிப்பீட்டுக்கும் 30 சதவீத எடை தரும் முறை அறிமுகமானது. இழப்பீடு என்பது இந்த வருட விளைச்சலைப் பழைய வருடங்களோடு ஒப்பிட்டுத் தருவது. அந்தந்த வருடங்களை அளந்த கண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று கேட்க விவசாயிக்கு உரிமை இருக்கிறது. தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் இதுவும்.

எனவே காடு, பயிர், ஏரி என்று எதைப் பற்றியும் பத்து வருட சாட்டிலைட் வரைபடத்தைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கருவி, நடுவில் கருவி மாறியதா? தரவின் எந்தப் பதிப்பு? மாறாத ஓர் இடத்தை இதே முறையில் அளந்து காட்டினார்களா? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத வரைபடத்தை நான் எடுத்துப் பகிர்வதில்லை.

வெப்பத்தை அளக்கும் பட்டைகளின் கதை தனி. அங்கே எடைக்கல் வெள்ளைப் பலகை இல்லை, வெப்பநிலை தெரிந்த கரும்பொருள். அதை இன்னொரு குறிப்பில் எழுதுகிறேன்.